கணவரின் பெயர்

எந்தக் கந்தோரில், எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும், "கணவரின் பெயர்?" என்று கேட்டவுடன் யசிந்தா சொல்லிவிடுவாள். கொன்ஸ்ரன்ரைன். சொல்லும்போது குரல் சற்று உயரும். தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குள் மனுசன் இல்லாமல் போய்விடுவான் என்று அவளுக்கு ஒரு பயம். முகாமில் அரிசிக்கு நின்ற வரிசையில் பிடித்த பழக்கம் இது. "ஆள் எங்கை?" என்று அடுத்த கேள்வி வரும். "வருவார்" என்பாள். சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிலர் எழுதிக்கொண்டே போவார்கள்.

பிள்ளைச் செலவு கேட்டுப் போட்ட தாபரிப்பு வழக்கு வந்து சிக்கியதும் இந்தப் பழக்கத்தில்தான்.

அவள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். தாயையும் தகப்பனையும் சுனாமி கொண்டுபோனது. அடுத்த வருசம் கோயிலில் வைத்துக் கொன்ஸ்ரன்ரைனைக் கட்டினாள். அவன் கடலுக்குப் போகிறவன். படகு எஞ்சின் திருத்தவும் தெரியும். அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் அக்கா எமில்டா. சிறுவயதில் தாய் செத்த பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆர் கேட்டு வந்தவன், நான் வேண்டாம் எண்டு சொல்ல?" என்று திருப்பிக் கேட்பாள்.

யுத்தம் முடிந்த நாட்களில் மூன்று பேரும் வட்டுவாகல் பாலத்தடியில் சனத்தோடு சனமாக நின்றார்கள். இராணுவச் சோதனைக்கு ஆண்கள் வேறு வரிசைக்குப் போக வேண்டியிருந்தது. "அக்காவோட போ, வாறன்" என்றான் கொன்ஸ்ரன்ரைன். அந்தப் பக்கத்தில் யாரும் போறன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அவனைக் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

முகாமிலிருந்து திரும்பி, பழைய வளவில் இரண்டு பெண்களும் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். எமில்டா கருவாடு போட்டாள். யசிந்தா கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலைக்குப் போனாள். நண்டின் கால் உடையக்கூடாது. உடைந்தால் கொம்பனிக்காரர் எடுக்கமாட்டார்கள். அவளுக்குக் கை நிதானம்.

வின்சன் பளைப் பக்கத்து ஆள். நண்டு வாங்குவதற்குப் பட்டா என்ற சின்ன லொறியில் ஐஸ் பெட்டிகளோடு வருவான். அவள் கழற்றிய நண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கட கையில நண்டும் பேசாமல் இருக்குது" என்றான் ஒருநாள்.

"நீங்கள் இப்பிடிப் பக்கத்தில நிண்டு கதைச்சால் அதுவும் கதைக்கத் தொடங்கிவிடும். ஐசைப் போடுங்கோ."

அப்படித் தொடங்கியது. ஊர் பேசியது. எமில்டா சில நாட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு ஒரு காலை வின்சனுக்கும் சேர்த்துப் புட்டு அவித்தாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் போனபின், கோப்பையைக் கழுவிக்கொண்டே யசிந்தாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"தம்பி வந்தால் நீதான் மறுமொழி சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

"ஓம் மச்சாள்."

இருவரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெண்பிள்ளை பிறந்தது. நிதர்சனா. ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிறவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கணவரின் பெயர்?" என்று கேட்டார். பிள்ளையின் தகப்பன் யார் என்று அவர் கேட்கவில்லை. கணவரின் பெயரைத்தான் கேட்டார். யசிந்தாவின் வாய் வழக்கம்போல் சொல்லிவிட்டது. விவாகப் பதிவிலும் அந்தப் பெயர் இருந்தது. எழுதுகிறவருக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. கோயிலில் ஞானஸ்நானத்தின்போதும் அதே கேள்வி, அதே பதில். சுவாமி ஒருகணம் பேனையைப் பிடித்தபடி இருந்துவிட்டு எழுதினார். வின்சன் பின்வரிசை வாங்கில் இருந்தான்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்தபோது அவன் சிரித்தான். "நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு அலுவல் குறைஞ்சுது."

அவளும் சிரித்தாள்.

எமில்டா சிரிக்கவில்லை. அதைப் படி எடுத்து, தம்பியைத் தேடி எழுதிய கடிதங்கள் இருந்த தன் பைலுக்குள் வைத்தாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் ஆட்கள் தெருவோரம் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கியபோது அந்தப் பைலும் அவளோடு போனது. மரணப் பத்திரம் எடுத்தால் இன்ன உதவி கிடைக்கும் என்று சொல்ல யாராவது வந்தால், அந்தப் படியை நீட்டுவாள்.

"இஞ்ச பாருங்கோ, அரசாங்கமே முத்திரை குத்தித் தந்திருக்கு. என்ர தம்பி தகப்பனாகியிருக்கிறான். செத்தவன் எப்பிடி, தம்பி, பிள்ளை பெறுவான்?"

வந்தவர் இளம் பெடியன் என்றால் முகம் சிவந்துபோகும். பந்தலில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கிற நேரம் குறைவு. அதனால் எமில்டா திரும்பத் திரும்ப அதைச் செய்தாள். யசிந்தாவும் பக்கத்தில் இருந்தாள். பிள்ளை அவள் மடியில், கொன்ஸ்ரன்ரைனின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தது. "அப்பா" என்று அந்தப் படத்தைக் காட்டியவள் எமில்டா. யசிந்தா திருத்தவில்லை. வின்சனைப் பிள்ளை "வின்சன் மாமா" என்றது. அதையும் யாரும் திருத்தவில்லை.

பிள்ளைக்கு மூன்று வயது நடக்கும்போது, வின்சன் ஒருநாள் குசினி வாசலில் குந்தியிருந்து கேட்டான்.

"நாங்கள் கலியாணம் எழுதுவமே, யசிந்தா?"

"எப்பிடி எழுதிறது?"

"அதுக்கு ஒரு பத்திரம் இருக்குத்தானே. கன பேர் எடுத்திட்டினம். அதைக் காட்டினால் சுவாமியும் கட்டிவைப்பார்."

எந்தப் பத்திரம் என்று அவன் சொல்லவில்லை. அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நான் களவாக் கேக்கிறனோ? ஒழுங்காத்தானே கேக்கிறன். செத்த மனுசனோட நான் எவ்வளவு காலம் போட்டி போடுறது?"

"ஆர் சொன்னது செத்தவர் எண்டு?"

வின்சன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். அன்று போனவன் பிறகும் வந்தான். ஆனால் வரவு குறைந்தது. பளையில் பெண் பார்த்துக் கோயிலில் கட்டினான். பள்ளிக்கூடம் தொடங்கும் காலத்தில் பிள்ளைக்கு ஒரு பையும் சப்பாத்தும் யாரிடமோ கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. போன் நம்பர் மாறியது.

யசிந்தா அதையும் விட்டிருப்பாள். ஆனால் நண்டு கடித்த விரல் சீழ் பிடித்து, வலதுகை ஆள்காட்டி விரலின் நுனியை வெட்டவேண்டி வந்தது. நண்டு கழற்றுகிறவளுக்கு அந்த விரல்தான் கண். மிஞ்சிய விரல் விறைத்துப்போய் வளைய மறுத்தது. கால் உடைந்த நண்டுகளாகவே அவள் பெட்டியில் விழுந்தன. இனி வரவேண்டாம் என்று சொல்லாமல், அவளுக்கு வலை கொடுக்காமல் விட்டார்கள். எமில்டாவுக்கும் வெயிலில் குனிந்து நிமிர முடியாத வயதாகிவிட்டது. பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தாள்.

அப்படித்தான் வழக்குப் போட்டாள். வின்சன் முதல் விசாரணைத் தவணைக்கே வந்து, பிள்ளை தன்னுடையது இல்லை என்றான். அவளைப் பார்க்காமல் சொன்னான். அவனுடைய சட்டத்தரணி யோகநாதன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து நீதவானிடம் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்யவேண்டியிருந்தது.

யசிந்தாவுக்கு இலவசமாக வழக்காட வந்தவள் சிவதர்சினி. வவுனியாவில் இருந்து பஸ்சில் வரும் இளம் சட்டத்தரணி. நீதிமன்ற வளவு வேம்பின் கீழ் நின்று அவள் விளங்கப்படுத்தினாள்.

"அக்கா, சட்டம் இப்பிடித்தான் பாக்கும். கலியாணம் முறியாமல் இருக்கேக்க பிறந்த பிள்ளை கணவன்ர பிள்ளை. டி.என்.ஏ. பரிசோதனை அது இது எல்லாம் அதுக்குப் பிறகு. அந்தக் காலத்தில கணவன் உங்களோட சேர்ந்திருக்க வழியே இல்லை எண்டு முதல் காட்டவேணும்."

"அது ஊருக்கே தெரியும் மிஸ்."

"ஊர் கூண்டில ஏறாது. மரணப் பத்திரம் ஒண்டு இருந்தால் இண்டைக்கே முடிஞ்சிடும்."

"அது எடுக்கமாட்டம்."

"காணாமல் போனவர் எண்டு ஒரு சான்றிதழ் குடுக்கினம். அது செத்தது எண்டு சொல்லாது."

"அதையும் எடுக்கிறதில்லை எண்டுதான் நாங்கள் எல்லாரும் பந்தலில கதைச்சு வைச்சிருக்கிறம்."

சிவதர்சினி பைலால் முகத்துக்கு விசிறிக்கொண்டாள். "அப்ப சாட்சிதான். உங்கட பக்கத்து ஆள் சரிவராது. கணவற்ர பக்கத்து ஆள் வேணும். அவற்ர அக்கா இருக்கிறா எண்டனீங்கள். அவ வந்து, தம்பி இல்லையெண்டு சொன்னால் காணும்."

"ஐயோ மிஸ்!"

"செத்தவர் எண்டு சொல்லச் சொல்லேல்லை அக்கா. வீட்டில இல்லையெண்டு."

"ரெண்டுக்கும் ஒரு சொல்லுத்தானே மிஸ் இருக்கு" என்றாள் யசிந்தா.

மச்சாளுக்கு முன் யசிந்தாவே ஒருமுறை கூண்டில் ஏறினாள். யோகநாதன் கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தவில்லை.

"நீர் அந்தப் பந்தலுக்குப் போறனீரோ?"

"ஓம்."

"என்ன கேட்டு இருக்கிறனீங்கள்?"

"எங்கட ஆக்களைத் தாங்கோ எண்டு."

"உயிரோட இருக்கினம் எண்டுதானே கேக்கிறியள்?"

"ஓம்."

"உம்முடைய கணவரும் உயிரோட இருக்கிறார்?"

அவள் கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட விரல் மட்டும் பிடிக்காமல் நீட்டிக்கொண்டு நின்றது.

"ஓம்."

"அந்த உயிரோட இருக்கிற கணவற்ர பேரைத்தான் பிள்ளைக்குத் தகப்பன் எண்டு குடுத்திருக்கிறீர். அது பொய்யோ?"

ஓம் என்றால் பொய்க்காரி. இல்லை என்றால் வழக்கு இல்லை.

"பேர் பொய்யில்லை ஐயா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் நிமிர்ந்து பார்க்க, அடங்கியது. வின்சன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதவான் அடுத்த தவணையைக் குறித்து, கணவரின் சகோதரிக்கு அழைப்பாணை அனுப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் யசிந்தா மச்சாளிடம் போனாள். எமில்டா பழைய வலையில் பரப்பிய கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். காகம் விரட்டும் தடி மடியில் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"பிள்ளை என்ர தம்பியின்ர பேரில இருக்கு. அதில இப்ப என்ன குறை? நான் பாக்கேல்லையோ? என்ர மருமகள் நிதா ஒருநாள் பட்டினி கிடந்தவளோ?"

"கிடக்கேல்லை மச்சாள். இனி? உங்களுக்கும் ஏலாது. என்ர கையைப் பாருங்கோ."

"அந்தப் பளையானிட்டக் கையேந்தப் போறியோ?"

"ஏந்தேல்லை. அவன்ர பிள்ளைக்கு அவனைக் கேக்கிறன்."

"அவன்ர பிள்ளை!" எமில்டா தடியைத் தூக்கி, வராத காகத்துக்கு எறிந்தாள். "என்ர வாயால, கோட்டில ஏறி நிண்டு, தம்பி இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். சொல்லிப்போட்டு எந்த முகத்தோட அங்கை போய் இருப்பன்? நாளைக்கு அவன் வந்து நிண்டால்?"

"அப்ப வரமாட்டியளோ?"

"தாள் வந்தால் வாறன். என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியும்."

அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் சண்டை என்றால் இப்படித்தான்: சோறு போடப்படும், தேத்தண்ணி ஊற்றப்படும், பேச்சு மட்டும் பிள்ளை வழியாகப் போகும். "அம்மாவிட்டச் சொல்லு, உப்பு முடிஞ்சுது." "மாமியிட்டச் சொல்லு, வாங்கியந்தனான்." பிள்ளைக்கு அது விளையாட்டு. இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடிச் சொன்னாள்.

பந்தலுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவள் ஜொஹறா. கடைக்குச் சீனி வாங்கிக்கொண்டு போகிற வழியில் யசிந்தாவைக் கண்டு சைக்கிளை நிறுத்தினாள்.

"கோவிக்காதேங்கோ. உங்கட மச்சாள் நேத்து ஒரு கதை கதைச்சவ. மற்றப் பொம்பிளையள் வழக்கைப் பற்றிக் கேக்க, 'ஆர் கண்டது, தம்பி ஒருக்கா ஒளிச்சு வந்து போயிருப்பான்' எண்டு."

"சிரிச்சுக்கொண்டு சொன்னவவோ?"

ஜொஹறா யோசித்தாள். "சிரிக்கேல்லை."

அன்றிலிருந்து யசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. மச்சாள் கூண்டில் ஏறி அதையே சொன்னால்? பைபிளில் கை வைத்துவிட்டு, ஓம் ஐயா, வந்து போனவன் என்று சொன்னால்? வழக்கு அந்த இடத்திலேயே முடியும். பொய்ச் சத்தியம் செய்தவள் யசிந்தா என்றாகும். பிள்ளை என்றைக்கும் கொன்ஸ்ரன்ரைனின் பிள்ளை, வின்சனுக்கு ஒரு கடமையும் இல்லை. ஆனால் அவளை அதிகம் உலுக்கியது வேறொன்று. மச்சாள் பொய் சொல்லத் துணிகிற ஆள் இல்லை. அதை நம்பத் துணிகிற ஆள். தம்பி வந்தான், ஒரு பிள்ளையைத் தந்துவிட்டுப் போனான் என்று இத்தனை வருசம் நினைத்து நினைத்து, அவளுக்குள் அது நடந்த காரியம் போல் ஆகியிருந்தால்?

தவணையன்று எமில்டா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். பைலைக் கக்கத்தில் வைத்திருந்தாள். பஸ்சில் யசிந்தாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னுக்குப் போய் நின்றாள். கோட்டு வாசலில் சிவதர்சினி, "என்ன சொல்லப்போறா எண்டு கேட்டனீங்களோ?" என்றாள். யசிந்தா இல்லை என்று தலையை ஆட்டினாள். "சரி" என்றாள் சிவதர்சினி.

சத்தியம் எடுத்தார்கள். மின்விசிறி கரகரத்தது.

"உங்கட தம்பியைக் கடைசியா எங்கை கண்டனீங்கள், அம்மா?" என்றாள் சிவதர்சினி.

"வட்டுவாகல் பாலத்தடியில. வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

"அதுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவரோ?"

எமில்டா யசிந்தாவைப் பார்த்தாள். பிறகு வின்சனைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அவன் கதிரையில் அசைந்தான்.

"நான் ஒருநாளும் வாசல் படலை பூட்டுறதில்லை" என்றாள்.

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ அம்மா." நீதவான் மெதுவாகத்தான் சொன்னார்.

"வரேல்லை."

அது வெளியில் வந்த சத்தம் யசிந்தாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மச்சாளின் உதடு அசைந்ததைத்தான் கண்டாள். நீதவான் பதிவெழுதுகிறவருக்குச் சொன்னார்: "எனது சகோதரர் அதன் பின்னர் இல்லை."

எமில்டா கூண்டின் விளிம்பைப் பிடித்தாள். பைல் கீழே விழுந்தது.

"ஐயா, இல்லையெண்டு எழுதாதேங்கோ. வரேல்லை எண்டு எழுதுங்கோ."

"இரண்டும் ஒன்றுதானே அம்மா?"

"ஒண்டில்லை ஐயா. நான் இஞ்ச இருந்து நேரே பந்தலுக்குப் போகவேணும்."

யாரும் சிரிக்கவில்லை. பதிவெழுதுகிறவர் நீதவானைப் பார்த்தார். நீதவான் தன் முன்னால் இருந்த தாள்களை ஒருமுறை சரிப்படுத்தினார்.

"அதன் பின்னர் வீட்டிற்கு வரவில்லை என்று மாற்றுங்கள்."

யோகநாதன் எழுந்தார். எழுந்தவிதத்திலேயே அவர் கையில் ஏதோ இருக்கிறது என்று யசிந்தாவுக்குப் பட்டது.

"அம்மா, உங்கட தம்பி உயிரோட இருக்கிறார்."

"ஓம்."

"உயிரோட இருக்கிற ஆள் ஒளிச்சு வந்து போகலாம்தானே? நீங்களே பந்தலில அப்பிடிச் சொன்னனீங்களாம்."

யசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொன்னனான்" என்றாள் எமில்டா.

"அப்ப?"

"அது ஆசைக்குச் சொன்னது."

"ஆசைக்குச் சொன்னதோ, கண்டு சொன்னதோ?"

"தம்பி, அவன் வந்திருந்தால் பெண்சாதியை எழுப்ப முதல் என்னை எழுப்பியிருப்பான். பசி தாங்கமாட்டான். என்னட்டச் சாப்பாடு கேக்காமல் அவன் ஒரு இடமும் போனவனில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "அவன் வரேல்லை. பிள்ளை அவன்ர இல்லை."

இல்லை என்ற அந்தச் சொல் வந்துவிட்டது. தம்பியைப் பற்றிச் சொல்ல மறுத்ததைப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். பதிவெழுதுகிறவர் எழுதிக்கொண்டு போனார். கண்ணைத் திறந்த யசிந்தா மச்சாளின் முகத்தைப் பார்க்கமுடியாமல், கூண்டடியில் கிடந்த பைலைப் பார்த்தாள்.

யோகநாதன் அதற்குமேல் கேட்கவில்லை. கணவர் சேர்ந்திருக்க வழி இருக்கவில்லை என்பதைத் தான் ஏற்பதாக நீதவான் சொன்னார். எதிராளி பரிசோதனைக்குச் சம்மதமா என்று கேட்டார். யோகநாதன் குனிந்து வின்சனோடு கதைத்தார். வின்சன் கையால் முகத்தைத் துடைத்தான். ஏதோ சொன்னான்.

"சம்மதம், ஐயா" என்றார் யோகநாதன்.

வெளியில் சிவதர்சினி வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். மூன்று பேரும் ஒரே நாளில் கொழும்புக்குப் போகவேண்டும்: அவள், பிள்ளை, வின்சன். முடிவு வந்தால் அதுவே போதும். பிறகு பிறப்புப் பத்திரத்தையும் திருத்தவேண்டும். "முதல் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கோ அக்கா. அங்கை போய் நிண்டுகொண்டு முழிக்கக்கூடாது."

யசிந்தா அதுவரை அதை நினைக்கவில்லை. இவ்வளவு நாளும் கோட்டுக்குப் பயந்தாள், மச்சாளுக்குப் பயந்தாள். இனிப் பயப்பட ஒன்றும் மிஞ்சவில்லை என்று படியிறங்கும்போதுதான் நினைத்திருந்தாள். எமில்டா பந்தல் பக்கமாக நடந்துபோய்விட்டாள். கோட்டு மதிலோரம் வின்சன் தன் வாகனத்தின் கதவைப் பிடித்தபடி நின்றான். கிட்ட வருவான் போல இருந்தது. வரவில்லை.

பின்னேரம் பிள்ளை நிலத்தில் படுத்துக்கொண்டு பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். யசிந்தா பக்கத்தில் இருந்து அவளுடைய தலையில் பேன் பார்ப்பது போல் விரலை ஓட்டினாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பந்தலிலிருந்து திரும்பிய எமில்டா கிணற்றடியில் கால் கழுவும் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வரமுன் சொல்லிவிடவேண்டும் என்று யசிந்தா நினைத்தாள். பிறகு, அவள் இருக்கும்போது சொல்லவேண்டும் என்று நினைத்தாள். எமில்டா ஈரக் காலோடு வாசலில் வந்து நின்றாள்.

"நிதா, நாங்கள் கொழும்புக்குப் போகவேணும். வின்சன் மாமாவும் வருவார்."

"என்னத்துக்கு?"

"அவர்தான் உன்ர அப்பா எண்டு அங்கை பாத்துச் சொல்லுவினம்."

பிள்ளை பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு இதை யோசித்தாள். பயந்தமாதிரித் தெரியவில்லை. கணக்கொன்று பிழைத்துவிட்டதைப் போல நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப படத்தில இருக்கிற அப்பா?"

"அவர் அம்மாவின்ர அவர்."

"அவர் வரமாட்டாரோ?"

"வருவார்" என்றாள் யசிந்தா. இதற்கு அவளுக்குத் தயக்கம் வராது.

"வந்தால் நான் அவரை என்னெண்டு கூப்பிடுறது?"

யசிந்தா வாயைத் திறந்தாள். ஒரு உறவுமுறையும் வாயில் வரவில்லை. அப்பா இல்லை, மாமா இல்லை, சித்தப்பா இல்லை. தாயின் கணவன் என்பதற்குப் பிள்ளை கூப்பிட ஒரு சொல் இருக்கிறதா என்று தேடினாள். பிள்ளை காத்திருந்தாள். யசிந்தா நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

எமில்டா சேலைத் தலைப்பால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஏச்சுப் போலத்தான் சொன்னாள்.

"முதல் அவன் வரட்டுமடி."